ஆற்றில் விடாத பொட்டலம்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் கருப்பனார் திட்டுக்குப் போக ஒரே வழி பரிசல்தான். பரமத்தி வேலூருக்குக் கீழே காவிரி இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேருகிறது. நடுவில் கிடக்கிற மேடுதான் திட்டு. கோடையில் மணலில் நடந்தே போகலாம், செருப்பில்லாமல் போனால் கால் வெந்துபோகும், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் பரிசல்காரன் மனசு வைத்தால் போகலாம், வைக்காவிட்டால் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கே கரண்டு கிடையாது, கடை கிடையாது. ஓட்டுக் கேட்டுக்கூட எவனும் வந்ததில்லை. வராததும் நல்லதுதான்.

அந்தத் திட்டில் சென்னியம்மாள் என்று ஒருத்தி தனியாளாகப் பழத்தோட்டம் வைத்திருந்தாள். புருசன் தங்கசாமி காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது வயசு. பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்குத் தோட்டம் எதுக்கு என்பது சொந்தபந்தத்தில், ஒறம்பரையில் பாதிப் பேர் நெஞ்சில் கிடந்த கேள்வி. பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தோட்டத்தை என்ன பண்ணினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. விற்றுத்தான் தின்றார்கள்.

திட்டில் பாதி அவளுக்கு, பாதி கொழுந்தன் வேலுமணிக்கு. ஆனால் பாகம் பிரிக்கவில்லை, எல்லாம் கூட்டுதான். வேலுமணி அக்கரையில் வீட்டையும் பருத்திக்காட்டையும் பார்த்துக்கொண்டான். திட்டுப் பக்கம் வருசத்துக்கு ஒரு தடவை, மாங்காய் பறிக்கும்போது வருவான். மரத்தை அவன் பார்த்ததில்லை, காயைத்தான் பார்த்திருக்கிறான்.

சென்னியம்மாள் பண்ணயத்தில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றியதும் ஆட்டுக்காரி ராசம்மாள் தன் மந்தையை மணல்வழியாக ஓட்டிக்கொண்டு வருவாள். ஒரு ராத்திரி இந்த மரத்தடியில் பட்டி, மறு ராத்திரி அடுத்த மரத்தடியில் பட்டி என்று திட்டு முழுக்க மந்தை படுத்து எழுந்துவிடும். அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் மரங்களுக்கு வருசத்துச் சோறு. வெள்ளம் வடிந்த பின்னால் ஓரத்தில் தங்குகிற வண்டலைக் கூடைகூடையாகச் சுமந்து வேரடியில் கொட்டுவாள். மாமரங்களில் முசுறு இருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு. பூச்சியையும் புழுவையும் அதுவே பிடித்துத் தின்றுவிடும். எறும்பு இல்லாத மரத்துக்கும் இருக்கிற மரத்துக்கும் நடுவில் அவள் பழைய தாம்புக்கயிற்றைக் கட்டிவிடுவாள், எறும்பு அதன்மேல் ஏறி ஊர்ந்து போய்ப் புதுக்கூடு கட்டிக்கொள்ளும். மீன்பிடிக்கிறவர்களிடம் செதிலும் குடலும் கேட்டு வாங்கி அதற்குத் தீனி வைப்பாள். பக்கத்துக்கரைப் பொம்பளைகள், எறும்புக்கு விருந்து வைக்கிற கிறுக்கி என்று சிரிப்பார்கள்.

கொய்யாவுக்கு வேறு வேலை. பழ ஈ முட்டை வைத்த கொய்யா கீழே விழும். விழுந்தது கிடந்தால் புழு மண்ணுக்குள் போய், ஈயாக வெளியே வந்து, மறுபடி மரத்தில் ஏறும். அதனால் விழுந்த பழத்தை அன்றைக்கே பொறுக்கி வெள்ளாட்டுக்குப் போட வேண்டும். தினமும் குனிய வேண்டும், அவ்வளவுதான் வித்தை. குனிய மனசில்லாதவன்தான் மருந்து மிசினை முதுகில் மாட்டிக்கொள்கிறான்.

வேலுமணி மாட்டிக்கொண்டான். எண்பதாம் வருசத்திலிருந்து பருத்திக்கு அடிக்க ஆரம்பித்தான். அடித்த மறுநாள் அவன் கிணற்றடியில் மைனாக்கள் செத்துக் கிடந்தன. அவற்றைக் கொத்திய கோழியும் செத்தது. கோழிக்குச் சீக்கு என்றான். அடுத்த வருசம் இரண்டு தடவை அடித்த இடத்தில் நாலு தடவை அடித்தான். பூச்சியும் அவனோடு சேர்ந்து பழகிக்கொண்டது.

எண்பத்து நாலு ஆடியில் அவன் ஒரு ஆளைத் திட்டுக்குக் கூட்டிவந்தான். சேலத்தில் பழமண்டி வைத்திருக்கிற செல்லமுத்து. ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடு, வெள்ளைச் சட்டை, அம்பாசடர் கார். காரைக் கரையில் நிறுத்திவிட்டுப் பரிசலில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தார். திட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, களைத்துப்போய் முசுறு ஏறிய ஒரு மாமரத்தில் முதுகைச் சாய்த்தார். அப்புறம் நடந்ததைப் பரிசல்காரன் பல வருசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நின்றார் மனுசன். சென்னியம்மாள் சாம்பல் கொண்டுவந்து கொடுத்தாள்.

"புது ஆளுன்னா அதுக அப்பிடித்தானுங்க மோந்து பாக்கும்," என்றாள். "ரெண்டு தடவை வந்தீங்கன்னா பழகிப்போயிரும்."

அவர் பழக வரவில்லை. திட்டு முழுவதையும் பத்து வருசத்துக்குக் குத்தகைக்குக் கேட்டார். மாமரங்களை வெட்டிவிடுவது, முழுக்க ஒட்டுக் கொய்யா வைப்பது, பரிசலிலேயே மருந்து மிசினைக் கொண்டுவந்து மாசாமாசம் அடிப்பது என்பது அவர் திட்டம். ஒட்டுச்செடியைக் கடித்துவிடும் என்பதால் ஆட்டுப்பட்டி ஆகாது. எறும்பு ஆகவே ஆகாது. குத்தகை கிடைத்தால் வேலுமணி திருச்செங்கோட்டில் ஒருத்தனோடு சேர்ந்து போர் போடுகிற ரிக் லாரி எடுக்கலாம் என்று இருந்தான். அந்த நாளில் அங்கே எவனைப் பார்த்தாலும் வாயைத் திறந்தால் ரிக்தான். பூமியைத் துளைத்துப் பணக்காரன் ஆகிறவனுக்குப் பூமியில் முளைத்து நிற்கிற மரம் எதுக்கு?

சென்னியம்மாள் முடியாது என்றாள். அவள் கைநாட்டு இல்லாமல் குத்தகை இல்லை. செல்லமுத்து முழுசாகத்தான் கேட்டார், பாதி வேண்டாம் என்றார்.

வேலுமணி ஒறம்பரையைக் கூட்டினான். ஊர்ப் பெரியவர் அப்புசாமியும் வந்தார். கெடா அடித்துச் சோறு போட்டான். தின்றவர்கள், போட்டவனுக்கு எதிராகச் சொல்லக் கூசினார்கள். ஒரு பொம்பளையைத் தோட்டத்தை விட்டு எழுந்திரு என்று சொல்லவும் கொஞ்சம் கூசினார்கள். அதனால் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். பெரிய மனுசர்களின் நியாயம் எப்போதும் வெற்றிலையில்தான் முடியும்.

அன்றைக்கு எல்லாரும் போன பின்னால் வேலுமணி சென்னியம்மாள் முன்னால் வந்து பணிவாக நின்றான். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, நான் சொல்றதும் வேண்டாம், நீங்க சொல்றதும் வேண்டாம். கருப்பனாரு சொல்லட்டும். பூப்போட்டுக் கேட்டுப் பாத்துக்கலாங்க."

அவளால் இதற்கு முடியாது என்று சொல்ல முடியவில்லை. திட்டின் மேற்கு முனையில் நாவல் மரத்தடியில் இருக்கிற கருப்பனாருக்குப் பழத்தைப் படைக்காமல் அவள் ஒரு பழம் விற்றதில்லை. அந்தக் கருப்பனாரிடம் கேட்க மாட்டேன் என்றால், அவரையே நம்பவில்லை என்று ஆகிவிடும். வேலுமணியை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் சாமிக்கு முன்னால் அவனும் மனுசன்தானே என்று நினைத்தாள். நினைத்தாளே, அதைச் சொல்ல வேண்டும்.

கருப்பனார் கோயில் வழக்கம் இது. பூசாரி வீரன் பூவரச இலையில் இரண்டு பொட்டலம் கட்டுவார். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை என்றால் இருக்கிறபடி இருக்கட்டும், சிவப்பு என்றால் கேட்டபடி நடக்கட்டும். இரண்டையும் சாமி காலடியில் போட்டுவிட்டுப் பரிசலுக்காகக் காத்திருக்க வேண்டும். அடுத்த பரிசலில் வந்து முதலில் கால் வைக்கிற ஆள், விசயம் தெரியாத ஆள், ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது. சாமி வேண்டாமென்று ஒதுக்கியதை மனுசன் கண் பார்க்கக் கூடாது என்பார்கள். தோற்ற பக்கத்தார் அதைக் கொண்டுபோய் அப்படியே ஆற்றில் விட்டு, மனசில் இருக்கிற வருத்தத்தையும் அதோடு சேர்த்து விட்டுவிட்டு வர வேண்டும்.

நல்ல வழக்கம்தான். திருடாதவர்களுக்கு.

ஆவணி வெள்ளிக்கிழமை. ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேலுமணி, செல்லமுத்து, அப்புசாமி, இன்னும் ஊரில் சில பேர் காலையிலேயே வந்துவிட்டார்கள். வீரன் பொட்டலங்களை முன்னாலேயே கட்டி வைத்திருந்தார். சூடம் காட்டினார். எல்லாரும் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசலில் வந்தது குப்பாயி. சென்னியம்மாளிடம் கொய்யா எடுத்துப்போய் வேலூர் பஸ் ஸ்டாண்டில் கூறு வைத்து விற்கிறவள். காலிக் கூடையோடு இறங்கியவளைப் பிடித்து, காலைக் கழுவிக்கொண்டு வா என்றார்கள். ஏனுங்க, எனக்கெதுக்குங்க இந்த வம்பு என்று அவள் பின்வாங்கினாள். அப்புசாமி அதட்டியதும் காலைக் கழுவிக்கொண்டு வந்து, கும்பிட்டு, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வீரன் நாரை அவிழ்த்தார். உள்ளே செவ்வரளி.

கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். செல்லமுத்து கைகூப்பினார். கருப்பனே சொல்லிவிட்டான், இனி என்ன என்றுதான் சென்னியம்மாள் முதலில் நினைத்தாள். மாமரங்கள், கயிறுகள், அதன்மேல் ஊர்கிற எறும்புகள் எல்லாம் கண்ணில் வந்து போயின. வெட்டும்போது தான் இங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். பாதி வழியில் ஒன்று ஞாபகம் வந்து கால் நின்றது. வீரன் நாரை அவிழ்த்தபோது எல்லார் கண்ணும் பொட்டலத்தின் மேல் இருந்தது. அவள் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது, ஒரே ஒரு நொடி மட்டும் திரும்பி வேலுமணியைப் பார்த்தாள். அவன் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. செல்லமுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வரப்போகிறதோ என்று பயப்படுகிறவன் பூவைப் பார்ப்பான். வரப்போவது தெரிந்தவன்தான் சந்தோசப்படப் போகிறவன் மூஞ்சியைப் பார்ப்பான்.

துறையோரத்தில் உட்கார்ந்தாள். தலைமுறை தலைமுறையாக எவரும் பிரிக்காத பொட்டலம். பிரித்தாள்.

செவ்வரளி.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தோட்டத்தைக் கேட்டான், சரி. கறி போட்டு ஒறம்பரையை வளைத்தான், சரி. கள்ளக் கைநாட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தால்கூடத் திருடன் திருடுகிறான் என்று விட்டிருப்பாள். கருப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு அவர் வாயையே பிடித்துக் கட்டியிருக்கிறான். அவள் தோற்றுப்போன வருத்தத்தோடு அந்தப் பூவை ஆற்றில் விட்டிருந்தால், பொய்யை அவள் கையாலேயே தண்ணீரில் போட்டதாக ஆகியிருக்கும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி நடந்தாள். நாவல் மரத்தடிக்கு வந்து, பொட்டலத்தைப் பலிக்கல்லின் மேல் விரித்துப் போட்டாள்.

"பாருங்க. எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுலயும் செவப்பு."

முதலில் வாயைத் திறந்தவர் அப்புசாமிதான். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டார். சாமி ஒதுக்கியதைப் பொம்பளை கை பிரிக்கலாமா, ஊருக்கு என்ன கேடு வரப்போகிறதோ என்றார். மற்றவர்களும் கூடவே கத்தினார்கள். கல்லின் மேல் கிடக்கிற சிவப்பு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பிரித்த கைதான் தெரிந்தது.

வேலுமணி மட்டும் நிதானமாக இருந்தான்.

"நங்கை, தொறையோரத்துல என்ன செடிங்க நிக்குது?" என்றான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. துறையோரம் முழுக்க அரளி. பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றது. அவள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்த இடமே அரளி நிழல்தான். பிரிக்க வேண்டும் என்று தோன்றியவளுக்கு, நாலு பேரை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், தன்னையும் அவர்கள் சந்தேகப்படுவார்கள் என்பதை மறந்துபோனாள்.

"வெள்ளையத் தண்ணியில போட்டுப்போட்டு செவப்பப் பறிச்சு வெச்சுட்டு வந்தா ஆருக்குத் தெரியப்போவுது?" என்றான் வேலுமணி. "கருப்பனாரு சொன்னது புடிக்கலீன்னா நேரா சொல்லுங்க. சாமியவே திருப்பிப்போடப் பாக்காதீங்க."

அவள் வீரன் பக்கம் திரும்பினாள். "பூசாரி, பொட்டலம் கட்டுனது நீங்க. சொல்லுங்க."

வீரன் தரையைப் பார்த்தார். கண் மங்கல், எதை எதில் வைத்துக் கட்டினோம் என்று ஞாபகம் இல்லை என்று முனகினார். கோயிலுக்குக் கூரை போட வேலுமணி வாங்கித் தந்த தகரம் ஒரு வாரமாக அக்கரையில் அடுக்கிக் கிடந்தது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"வேலுமணி," என்றாள். கொழுந்தனாரே என்று கூப்பிட்டுப் பழகிய வாய் பேரைச் சொன்னது. "நீ சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவக் கட்டச் சொல்லலீன்னு கருப்பன் முன்னாடி சொல்லு. நான் கைநாட்டு வெச்சுட்டு இன்னிக்கே எந்திரிச்சுப் போயிர்றேன்."

அவன் பின்வாங்குவான் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் பின்வாங்கவில்லை. சூடத்தை ஏற்றச் சொன்னான். எரிகிற சூடத்துக்கு மேல் கையை நீட்டி, நான் ஒரு பாவமும் அறியேன் என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். ரிக் லாரிக்காக ஒருத்தன் கருப்பனார் மூஞ்சிக்கு நேராக இப்படி நிற்பான் என்று அதுவரைக்கும் சென்னியம்மாளுக்குத் தெரியாது.

காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற குப்பாயிதான் பேசினாள். "அப்பறம் என்னைய எதுக்குங்க காலக் கழுவச் சொன்னீங்க?" என்றாள். பரிசல்காரன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேலுமணி செல்லமுத்துவிடம் போய், எல்லாம் முடிஞ்சுதுங்க, பத்திரம் எழுதிரலாங்க என்றான். செல்லமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாங்க," என்றார்.

வேலுமணிக்குப் புரியவில்லை. சாமியும் சொல்லிவிட்டது, சத்தியமும் பண்ணிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான்.

"உங்க ரெண்டு பேருல ஒருத்தரு சாமிகிட்டப் பொய் பண்ணியிருக்கீங்க. அது ஆருன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்லீங்க. அந்த மண்ணுல நான் பழம் பறிச்சா, நாளைக்கு என் ஊட்டுல ஒரு கொழந்தைக்குச் சொரம் வந்தாக்கூட இந்த நாவமரந்தான் நெனப்புக்கு வரும். நெலத்துக்கு எத்தனையோ வில்லங்கம் பாத்திருக்கேன். சாமி வில்லங்கத்தத் தீக்க எந்தக் கோர்ட்டு இருக்குதுங்க?"

அவர் பரிசலில் ஏறிவிட்டார். மருந்து கெடுதல் என்றோ, மரம் பாவம் என்றோ, அந்தப் பொம்பளைக்கு அநியாயம் என்றோ அவருக்கு ஒரு நினைப்பும் கிடையாது. தன் வீட்டைப் பற்றிய பயம்தான். தோட்டத்தைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான், நியாயம் இல்லை. நியாயம் அன்றைக்கு அந்தத் திட்டுக்கு வரவே இல்லை. அதற்குப் பரிசல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கைநாட்டுக் கேட்க ஆள் இல்லை, எனவே அவளும் எழுந்து போகவில்லை. மரங்கள் நின்றன. ஆனால் ஊர் அவளை விடவில்லை.

அடுத்த வாரமே அப்புசாமி சொல்லியனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்த குத்தம் தீர அவள் ஒரு கெடா வெட்டி, கோயில் முன்னால் ஊர்க்காரர் காலில் விழுந்து எழ வேண்டும். பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. அவன் சத்தியம் பண்ணினது எல்லாரும் பார்த்து, முறைப்படி. இவள் பிரித்தது முறை தப்பி. முறைப்படி பண்ணினால் பொய்யும் பொய் இல்லை, முறை தப்பினால் உண்மையும் குத்தம். எந்த ஊர்ச் சட்டமோ இது.

விழ மாட்டேன் என்றாள். கெடா கருப்பனாருக்கு வேண்டுமானால் தருகிறேன், உங்கள் காலுக்குத் தர மாட்டேன் என்றாள்.

மாசியில் கோயில் நோம்பி, திருவிழாவுக்கு வழக்கமாக அவள் தோட்டத்து முதல் கூடைதான் சாமிக்குப் போகும். அந்த வருசம் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஒறம்பரை வருவது நின்றது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை, வந்தாலும் தின்றுவிட்டுத்தான் போவார்கள். பங்குனியில் ஆறு வற்றியது. மணலில் வழி தெரிந்தது. ஆடு வரவில்லை.

ஒருநாள் ராசம்மாளைத் தேடி அவளே அக்கரைக்குப் போனாள். ராசம்மாள் ஊர்க்கோடியில் வேலமரத்தடியில் மந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாளைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க ஆத்தா. ஆட்டுக்கு என்ன சாமிகுத்தமுங்க? உங்க திட்டுல பட்டி போட்டா ஊர்க்காட்டுல காலடி வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. மத்த நாளெல்லாம் நான் எங்கீங்க மேய்க்கறது?"

சென்னியம்மாள் திரும்பிவிட்டாள். அவளிடம் கோபப்பட்டு என்ன பிரயோசனம்.

பட்டி இல்லாத வருசம் எப்படி இருக்கும் என்று மரம் காட்டிவிட்டது. அவள் சும்மா இருக்கவில்லை. மரங்களுக்கு நடுவில் தழையுரத்துக்குச் சணப்பு விதைத்து, பூக்கும் முன்னால் மிதித்து மண்ணில் சேர்த்தாள். ஆற்றோரத்துச் சருகையெல்லாம் வாரிக் கொட்டினாள். தன் நாலு வெள்ளாட்டின் புழுக்கையை விரலால் எடுத்து வைப்பது போல வைத்தாள். ஆனாலும் கொய்யா சிறுத்துப்போனது. எலுமிச்சை இலை வெளுத்தது. குப்பாயி கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பழம் கோபமா இருக்குதுங்க போல என்றாள். தோட்டத்துக்காரியே கோபமாக இருக்கும்போது பழம் சிரித்துக்கொண்டா இருக்கும்? யூரியா மூட்டை ஒன்று வாங்கிப் போட்டால் மறு மாசமே பச்சை ஏறிவிடும் என்று பரிசல்காரன் சொன்னான். ஊர்க்காரன் ஆட்டை நிறுத்தினான் என்பதற்காக நான் மண்ணைக் கெடுப்பதா என்று அவனிடம் பாய்ந்தாள். பாவம், அவன் நல்லதற்குத்தான் சொன்னான்.

அடுத்த வருசமும் ஆடு வராவிட்டால் தோட்டம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் போய் விழவில்லை.

வேலுமணி குத்தகை இல்லாமலே கொஞ்சம் காட்டை விற்று ரிக்கில் பங்கு எடுத்துவிட்டான். அது ஆந்திராப் பக்கம் போய்த் துளை போட்டது. வருசம் திரும்பும் முன்பே அவனுக்கும் திருச்செங்கோட்டுப் பங்காளிக்கும் சண்டை. லாரியை இனி யார் ஓட்டுவது, எவன் விலகிக்கொள்வது என்று வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பு வரைக்கும் போனது. கடைசியில் நாலு பேர் சொல்லி, கருப்பனாரிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது. வேலுமணி ஓட்டட்டும் என்றால் வெள்ளை, பங்காளி ஓட்டட்டும் என்றால் சிவப்பு. பங்காளி முதல்நாளே தனியாகத் திட்டுக்கு வந்து பூசாரியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். கையில் தேங்காய் பழத்தோடு வந்தான், கூடவே ஒரு புது வேட்டியும் இருந்தது.

மறுநாள் தை மாசத்துப் பனியில் எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள். தகரக் கூரை பளபளவென்று இருந்தது. சென்னியம்மாள் எலுமிச்சை மரத்தடியில் வேலையாக இருந்தாள். அவளை எவரும் கூப்பிடவில்லை, ஆனால் பேச்சு அங்கே வரைக்கும் கேட்டது. பரிசலில் எவனோ மீன்காரன் வந்தான். ஒன்றை எடுத்தான். வீரன் பிரித்தார். சிவப்பு. பங்காளி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மற்றப் பொட்டலத்தை வேலுமணியிடம் கொடுத்து ஆற்றில் விடச் சொன்னார்கள். வேலுமணி அதை வாங்கவில்லை.

"அதையும் பிரிங்க," என்றான். "இங்கயே பிரிங்க. நாலு பேரு முன்னாடி."

திருடனுக்குத்தான் பூட்டு நன்றாகத் தெரியும்.

சென்னியம்மாள் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இப்போது அப்புசாமி கத்துவார், சாமி ஒதுக்கியதை மனுசன் பார்க்கக் கூடாது என்பார் என்று காத்திருந்தாள். அப்புசாமி தொண்டையைச் செருமினார். பிரித்துப் பார்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, சந்தேகம் என்று வந்துவிட்டால் பிரித்துக் காட்டுவதுதான் மரியாதை என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாமாம் என்றார்கள். வீரன் பிரித்தார். அதில் நந்தியாவட்டை இருந்தது. புது வேட்டி வாங்கியும் அன்றைக்குப் பூசாரி ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். அல்லது பயந்துவிட்டார். வேலுமணி தோற்றுப்போய்ப் பரிசல் ஏறினான். அவன் தோற்றது அவளுக்குச் சந்தோசமாக இல்லை. ஆம்பளை ஒருத்தன் கேட்டதும் அது மரியாதை ஆகிவிட்டதே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அதற்குப் பிறகு கருப்பனாரிடம் பூக்கேட்க வந்த எவரும் ஒரு பொட்டலத்தோடு விடவில்லை. கல்யாணம், கிணறு, வழக்கு, எதுவானாலும் இரண்டையும் பிரி என்றார்கள். ஊரே பிரிக்க ஆரம்பித்த பின்னால், பிரித்தவளைக் குத்தவாளி என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. குத்தம் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் குத்தம் இல்லாதவளைத் தண்டித்தோம் என்று ஆகிவிடுமே. பங்குனியில் ஆறு வற்றியது. ராசம்மாள் மந்தையை மணலில் இறக்கிவிட்டாள். எவரும் தடுக்கவில்லை. முதல் ராத்திரிப் பட்டியைச் சென்னியம்மாள் இலை வெளுத்த எலுமிச்சைகளுக்கு நடுவில் போடச் சொன்னாள்.

அந்த வருசம் கொய்யா தேறியது. மறு மாசிக்கு நோம்பி சாட்டினார்கள். அப்புசாமியே பரிசல் ஏறித் திட்டுக்கு வந்தார். கையில் புதுக் கூடை. முதல் கூடைப் பழம் வாங்கிப் போக வந்தேன் என்றார், போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் வாங்கிப் போனவர் மாதிரி. சென்னியம்மாள் உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். மோரைக் குடித்துக்கொண்டே அவர் கோயில் பெருமையைச் சொன்னார். இந்தக் கருப்பனார் மாதிரிச் சுத்தமான தெய்வம் எங்கேயும் இல்லை, இரண்டு பொட்டலத்தையும் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டுகிற வழக்கம் வேறு எந்தக் கோயிலில் இருக்கிறது, ஆதியிலிருந்தே இங்கே அப்படித்தான் என்றார்.

சென்னியம்மாள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஆதியில இருந்தேன்னா, என்னைய எதுக்குங்க கால்ல உழுவச் சொன்னீங்க?"

அப்புசாமி வாயைத் துடைத்துக்கொண்டார். பழசையெல்லாம் எதுக்கு ஆத்தா கிளறுகிறாய், நோம்பிக்கு நேரமாகிறது, பழத்தைப் போடு என்றார்.

"கருப்பனாரு என்ர திட்டுலதான் இருக்காரு. அவருக்கு நான் குடுத்துக்கறேன். நடுவுல உங்க கை எதுக்குங்க?"

அவர் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் துறைக்கு நடந்தார். பரிசல்காரன், கூடை வெறுமையா இருக்குதுங்களே என்று கேட்டான். ஓட்டுடா என்றார்.